மூக்கு இடிபடாத மீன்

03.02.2001, சனி

இன்றைக்கு மீன் நீந்தியது. நீந்தியது என்று எழுதுவது என் பெருமைக்கு. உள்ளபடி சொன்னால், பிள்ளை மவுசை அமத்த, திரையின் வலது ஓரத்திலிருந்து ஒரு மீன் படம் வெளிக்கிட்டு நடுவுக்கு வந்து நின்றது. நின்றதும் கீழே 'மீன்' என்ற எழுத்து விழுந்தது. என்னுடைய ஒரு மாத வேலை. பார்வையாளர்கள்: காது கேளாத ஏழு பிள்ளைகள், நிலையப் பொறுப்பாளர் யோகநாதன், கதவு இல்லாததால் உள்ளே வந்த ஒரு கோழி.

கோழி மட்டும் கொஞ்சம் ஆர்வம் காட்டியது.

பிழை எங்கே என்று தெரியவில்லை. வரவேண்டிய இடத்துக்குத்தான் வந்தது. ஆனால் வந்தது மீன் இல்லை. ஆரோ பின்னால் நின்று தள்ளிவிட்ட அலுமாரி.

"வந்திட்டுதுதானே ரீச்சர், பிறகென்ன?" என்றார் யோகநாதன். அவர் முந்திச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். மூட்டை லொறியிலிருந்து இறங்கினால் சரி. எப்படி இறங்கியது என்பது அவருடைய கணக்கில் வராது.

05.02.2001

மின்சாரம் தருகிற எஞ்சினுக்கு எண்ணெய் இல்லை. ஆகவே கணனி இல்லை. கரும்பலகையில் மீன் கீறினேன். அது அசையாமல் இருந்ததே நல்லாயிருந்தது.

08.02.2001, வியாழன்

இந்தக் கணனியைப் பற்றி ஒருக்கால் எழுதிவைக்கவேணும், பிறகு ஆரும் நம்பமாட்டார்கள்.

எங்கள் நிலையத்தின் வவுனியாத் தலைமைக் காரியாலயம் பாவித்துக் கழித்தது. எத்தனையோ சோதனைச் சாவடியில் எத்தனையோ பேர் திறந்து பார்த்து மூடி, உடையார்கட்டுக்கு வந்து சேர்ந்தபோது அதன் உள்மணிக்கூட்டுப் பற்றரி செத்துவிட்டது. பற்றரி வன்னிக்குள் வரத் தடை. அதனால் ஒவ்வொரு நாள் காலையும் எழும்பும்போது அது 1980 ஜனவரி முதலாம் தேதி என்று நினைக்கிறது. அப்போது எனக்கு இருபத்துநாலு. யாழ்ப்பாண வளாகத்தில் கணிதம் படித்து முடித்திருந்தேன். எஞ்சின் ஸ்ராட் ஆகிற நேரத்தில் தினமும் ஒரு நிமிசம் எனக்கு இருபத்துநாலு வயது. கெட்டது என்று சொல்லமாட்டேன்.

எஞ்சின் யோகநாதனின் ராச்சியம். பழைய மைநிரப்பியால் நாலைந்து துளி பெற்றோல் காட்டி, கயிறு இழுத்து, அது இருமத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பெற்றோலை அது குடிக்க விடமாட்டார், மணக்க மட்டும் விடுவார்.

கணனியின் முகப்பில் 'ரேபோ' (Turbo) என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அமத்தினால் கணனி வேகமாக யோசிக்கும். யோகநாதன் முதல் நாளே அதற்கு மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். வேகம் கூடினால் எண்ணெயும் கூடக் குடிக்குமாம், லொறி ஓட்டினவனைக் கேட்கட்டாம். கணிதப் பட்டதாரியாகிய நானும் ஓம் என்று தலையாட்டினேன். நியாயமாகத்தான் பட்டது. எண்ணெய் விலைக்கு முன்னால் எல்லாமே நியாயமாகப் படும்.

16.02.2001, வெள்ளி

மீனின் வியாதி என்ன என்று தெரிந்துவிட்டது.

யதுசா — எட்டு வயது, கொக்கிளாயிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம், வகுப்பில் குழப்படி முதலாம் பிரிவு — மீனைப் பார்த்தாள். எழும்பினாள். வாசலடிக்குப் போய், கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, முகத்தை மரம்போல வைத்துக்கொண்டு, ஒரே வேகத்தில் நேரே நடந்து வந்து சுவரில் மூக்கை இடித்தாள். பிறகு என்னைப் பார்த்து மீன் என்று சைகை காட்டினாள்.

மற்ற ஆறு பேரும் நிலத்தில் விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யோகநாதன் மட்டும் அவளுடைய மூக்கைப் பிடித்துப் பார்த்து, உடையவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

அவள் காட்டியது சரி. என் மீன் புறப்படவில்லை, நிற்கவுமில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிறந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவரில் முடிந்தது.

18.02.2001, ஞாயிறு

நாள் முழுக்க அசைகிறதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்று வாளி. காகம் வேலியில் இறங்குவது. சந்தியில் லொறி வெளிக்கிடுவது. எதுவுமே முழு வேகத்தில் தொடங்குவதில்லை. எதுவுமே முழு வேகத்தில் நிற்பதுமில்லை, விபத்தைத் தவிர.

கமலாசனி மச்சாள் — சின்னண்ணாவின் மனுசி. அண்ணா கனடாவில், நாங்கள் இரண்டு பேரும் இங்கே ஒரு கொட்டிலில் — கதிரையில் குந்துவதைப் பார்த்தேன். ஆறுதலாகத் தொடங்கி, பாதி வழியில் வேகம் பிடித்து, கடைசியில் தொப்பென்று. இது ஒரு தனி வகை வளைவு.

"என்ன என்னையே பாத்துக்கொண்டிருக்கிறீர்?" என்று கேட்டா.

கணக்கு என்றேன். கதிரை விலையா என்று கேட்டா.

20.02.2001, செவ்வாய்

எழுதுவதா விடுவதா.

எஞ்சின் நின்றுவிட்டது. யோகநாதன் குனிந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று எண்ணெய்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் நிமிராமல் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ரெண்டு போத்தல்தான் கிடக்கு ரீச்சர். வவுனியாவிலை ஸ்ரோர்சுக்கு ஆள் வேணுமாம், என்னை வரச்சொல்லி நிக்கினம். ஆனி முடியமுதல் சொல்லவேணும். உங்களுக்கு விருப்பமெண்டால் நான் போகேல்லை, நாங்கள் கலியாணம் முடிப்பம். உந்தப் போத்தலைக் கொஞ்சம் சரியுங்கோ."

சரித்தேன். எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தத்துக்குள் பிறகு ஒன்றும் கதைக்க முடியாது. அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என்ன இது? ஆர் இப்பிடிக் கேக்கிறது? ஒரு முன்னுக்கு இல்லை, ஒரு பின்னுக்கு இல்லை — எனக்கு நாப்பத்தைஞ்சு வயசு. தலையிலை பாதி வெள்ளை. உந்த மனுசன் என்ன, என்னை லொறியிலையிருந்து இறக்கிறாரோ?

21.02.2001

மூக்கு நோகிறது. நான் அசையவேயில்லை. சுவர்தான் வந்து இடித்தது.

22.02.2001, வியாழன்

மச்சாளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவ மா வறுத்துக்கொண்டிருந்தா. அகப்பை நின்றது.

"உம்மட்டைக் கேட்டவரோ, எஞ்சினிட்டைக் கேட்டவரோ?"

அதுதான் எனக்கும் தெளிவில்லை என்றேன். அவ சிரித்துச் சிரித்து மாவைக் கருக்கிவிட்டா. பிறகு, மாவைக் கொட்டிக்கொண்டு, விசாரணை. மனுசி செத்து எவ்வளவு காலம்? (கனகாலம். நெருப்புக் காய்ச்சல்.) பிள்ளைகள்? (இல்லை.) குடியா? (எஞ்சின்தான் குடிக்கும்.) அப்ப உமக்கு என்ன பிரச்சினை?

என்ன பிரச்சினை என்று சொல்லத் தெரியவில்லை. ஆள் நல்ல ஆள். பிள்ளைகளோடு அவருடைய சைகை என்னுடையதைவிடத் திறம். மதியம் பருப்பு மிஞ்சினால் அதைத் தானே எடுத்துக்கொண்டு, மீன்குழம்பை எனக்கு வைக்கிற ஆள். எல்லாம் தெரியும். ஆனாலும் நெஞ்சுக்குள் ஒன்று நிலத்தில் குந்திக்கொண்டு எழும்பமாட்டன் என்கிறது.

25.02.2001, ஞாயிறு

கோட்டுத்தாளில் இரண்டு வரைபு கீறினேன். கிடைக்கோடு நேரம். நிலைக்கோடு தூரம். முதலாவது, என் அலுமாரி மீன்: இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு நேர்கோடு. இரண்டாவது, அடியில் படுத்துக்கிடந்து, மெல்ல எழும்பி, நடுவில் செங்குத்தாக ஏறி, உச்சியில் திரும்பப் படுக்கிற வளைவு. கொசைனைத் தலைகீழாக்கிப் பாதியாக்கினால் வருகிறது. வளாகத்தில் படித்ததில் இவ்வளவு காலத்துக்குப் பிறகு பிரயோசனப்பட்ட முதல் சங்கதி.

இரண்டு மீனும் ஒரே நேரத்தில் வெளிக்கிட்டு ஒரே நேரத்தில் போய்ச் சேருகின்றன. வித்தியாசம் முழுக்க வழியில்தான்.

நாளைக்குப் போட்டுப் பார்க்கவேணும்.

26.02.2001

யதுசா மீனைப் பார்த்தாள். எழும்பவில்லை. உள்ளங்கையை மேசைமேல் வழுக்கிக்கொண்டு போய், மெல்ல நிறுத்தி, விரல்களை மட்டும் ஒருக்கால் ஆட்டினாள். பிறகு திரும்ப அமத்தினாள். திரும்ப. மற்றப் பிள்ளைகள் வரிசைக்குச் சண்டை. எண்ணெய் முடியுமட்டும் மீன்தான்.

கோட்டுத்தாளைத் தட்டியில் குண்டூசியால் குத்தி வைத்தேன்.

03.03.2001, சனி

தலைக்கேறிவிட்டது. தவளை நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து நிற்கிற மாதிரிச் செய்தேன். பிள்ளைகளுக்குப் பைத்தியம். உடனே எல்லாவற்றுக்கும் அதையே போட்டேன். வீடு துள்ளியது. தென்னைமரம் துள்ளியது.

யோகநாதன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "கேத்தில் ஏன் ரீச்சர் துள்ளுது? சுடுதண்ணி ஊத்துப்படாதோ?"

அவர் கேட்டது நியாயம். துள்ளலைத் தவளைக்கு மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துவிட்டேன். பொருளுக்குப் பொருள் கனம் வேறு.

அந்த மற்றக் கதையை இரண்டு பேரும் கதைக்கவில்லை. கதைக்கவில்லை என்பது சரியில்லை. அவர் கிணற்றடியில் ஒருக்கால் "நான் கேட்டது…" என்று தொடங்கினார். நான் வாளியை விட்டேன். வாளி நல்ல சத்தம் போட்டது.

10.03.2001, சனி

யானைக்கு நல்ல கனம் கொடுத்திருந்தேன். அமத்தினால் உடனே வராது. யோசித்து, அசைந்து, பிறகுதான் வெளிக்கிடும். எனக்கு நல்ல பெருமை.

யதுசா அமத்தினாள். யானை யோசித்தது. அவள் திரும்ப அமத்தினாள். யானை இன்னும் யோசித்தது. மவுசைத் தட்டிப் பார்த்துவிட்டு மூன்றாம் தரம் அமத்தினாள். மூன்று யானைகள் ஒன்றுக்குமேல் ஒன்றாக வந்தன. நடுத்திரையில் கணனி உறைந்துபோனது. பன்னிரண்டு கால், மூன்று தும்பிக்கை, 'யானை' என்ற எழுத்தில் பாதி.

பிழை அவளில் இல்லை. அமத்தினது போய்ச் சேர்ந்ததா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? யானை ஆறுதலாக வரட்டும், ஆனால் கை பட்ட அந்தக் கணமே ஏதாவது ஒன்று அசையவேணும். காதாவது ஆடவேணும். வாறன், பொறு என்று சொல்கிற அளவுக்கு ஒரு சின்ன ஆட்டம். பின்னேரம் அதைத்தான் எழுதினேன். அமத்தினால் உடனே காது. பிறகு யானை தன் பாட்டுக்கு வரும். யதுசா ஒரு தரம் அமத்திவிட்டுக் கைகட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் பேனா நின்றது.

ஒருத்தர் என்னிடம் ஒன்று கேட்டு இவ்வளவு நாளாகிறது. முதல் எஞ்சினடியில். பிறகு கிணற்றடியில். நேற்று மதியம் பருப்புச் சட்டியையும் கையில் வைத்துக்கொண்டு திரும்ப. மூன்று யானை.

நான் ஒரு காதையும் ஆட்டவில்லை.

12.03.2001, திங்கள்

ஆட்டியாயிற்று.

தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒரு துண்டுப் பனங்கட்டியோடு. எஞ்சின் நிற்கும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துதான் போனேன்.

"நீங்கள் கேட்டது எனக்குக் கேட்டது."

"அப்ப?"

"அப்ப ஒண்டுமில்லை. நான் கொஞ்சம் கனமான ஆள். வெளிக்கிட நேரமெடுக்கும்."

பனங்கட்டியைக் கடித்து, ஒரு வாய் குடித்து, யோசித்தார். "உந்த யானை மாதிரியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவ்வளவுதான். அவர் முகத்தில் ஒரு ஆறுதல் வந்ததைப் பார்த்தேன். பதில் கிடைத்த ஆறுதல் இல்லை, போய்ச் சேர்ந்தது என்கிற ஆறுதல்.

கனமான ஆள் என்று நானே சொன்னதை மச்சாளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் சாகுமட்டும் விடமாட்டா.

15.03.2001, வியாழன்

தட்டியில் இருக்கிற தாள் என்ன என்று யோகநாதன் கேட்டார். சைக்கிளை வைத்து விளங்கப்படுத்தினேன். முதல் மிதி பாரம், தூரம் கொஞ்சம். ஓடத் தொடங்கினால் நல்ல வேகம். இடம் கிட்ட வந்ததும் மிதிப்பதை விட்டு உருளவிடுவது. அதுதான் இந்த வளைவு. நேர்கோடு என்றால், முதல் மிதியிலேயே பறந்து, வாசல் படலையில் இடித்துத்தான் நிற்கவேணும்.

"இவ்வளவு நாளும் நான் அப்பிடித்தான் வந்திருக்கிறன் போலை," என்றார்.

சைக்கிளைத்தான் சொன்னாரா என்று தெரியவில்லை.

19.03.2001

வளைவின் அடியில், கோடு தொடங்குகிற இடத்தில், பென்சிலால் ஒரு புள்ளி. பிள்ளைகள் வேலை. தாளைக் கொஞ்சம் உயர்த்திக் குத்தினேன்.

04.04.2001, புதன்

இன்னொரு புள்ளி. முதல் புள்ளிக்குக் கொஞ்சம் வலப்பக்கம், மயிரிழை மேலே. வளைவிலிருந்து விலகாமல், சரியாக அதன் மேலேயே. பிள்ளைகளுக்கு இவ்வளவு ஒழுங்கு வராது. அந்த உயரத்துக்குக் கையும் எட்டாது.

யோகநாதனின் காதில் பென்சில் இருந்தது. நான் பென்சிலைப் பார்த்தேன், தாளைப் பார்த்தேன்.

"நேரமெடுக்குமெண்டியள்," என்றார். "நானும் உந்தக் கோட்டிலைதான் வாறன் ரீச்சர். இப்ப இதிலை நிக்கிறன்."

இரண்டு கிழமையில் நகர்ந்த தூரம் ஒரு நெல்மணி. யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. மழையைப் பற்றி ஒரு நாள். வட்டக்கச்சியில் அவருடைய வயலும் எங்களுடைய வயலும் ஒரே வாய்க்காலில்தான் தண்ணி எடுத்தன என்று ஒரு நாள். நான் கண்ணாடி மாற்றவேணும், கண்ணைச் சுருக்கித்தான் வாசிக்கிறேன் என்று ஒரு நாள். கலியாணம் என்ற சொல்லே வரவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிரிப்பு வந்தது. காரணம் கேட்டா மச்சாள். கொசைன் என்றேன்.

11.05.2001, வெள்ளி

காலையில் கிபிர், குண்டு போடுகிற விமானம். பிள்ளைகளுக்குச் சத்தம் கேட்காது. நான் நிலத்தில் காலால் உதைக்க, அதிர்வு தெரிந்து பங்கருக்கு ஓடுவார்கள். எல்லாரும் இறங்கியாயிற்று, யதுசாவைக் காணவில்லை. யோகநாதன் திரும்பி ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் கையில் மவுஸ், வால் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றி எடுக்கத்தான் பிந்தியிருக்கிறாள்.

ஒருவருக்கும் ஒன்றுமில்லை. குண்டு காட்டுக்குள் விழுந்தது.

12.05.2001

நித்திரை வரவில்லை, அதனால் ஒன்று பிடிபட்டது. நான் என் வாழ்க்கையில் எந்த இடத்துக்கும் ஆறுதலாகப் போனதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பின்னேரத்தில். வட்டக்கச்சியிலிருந்து அடுப்பில் சோறு இருக்க. அதற்கு முன்னால், அதற்குப் பின்னால், எல்லாம் ஒரே மாதிரி. இருந்த இடத்தில் இருந்து ஒரு தள்ளு, அடுத்த இடத்தில் ஒரு இடி. நேர்கோடு கூட இல்லை. இங்கே மறைந்து அங்கே தோன்றுவது.

ஆகவேதானா இந்த மீனுக்கு இவ்வளவு பாடுபடுகிறேன்?

ஒரே ஒரு இடத்துக்காவது மெல்ல வெளிக்கிட்டு மெல்லப் போய்ச் சேரவேணும் என்று ஆசை. அவ்வளவுதான் என் பிரச்சினை. மச்சாளுக்கு இதை எப்படிச் சொல்வது?

28.05.2001, திங்கள்

யோகநாதன் வவுனியாவுக்குப் போகிறார். இயக்கம், ஆமி என்று இரண்டு பக்கப் பாசும் கிடைத்துவிட்டது. மீனும் தவளையும் யானையும் ஒரு டிஸ்கெற்றில், டிஸ்கெற் ஒரு பிளாஸ்ரிக் சோப்புப் பெட்டியில், பெட்டி அவருடைய சேட்டுப் பையில். தலைமைக் காரியாலயத்துக்குப் பிடித்தால் மற்ற நிலையங்களுக்கும் கொடுப்பார்களாம். அந்த வேலைக்கும் அங்கேதான் கதைக்கவேண்டியிருக்கும். அதை அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.

போனபிறகு தாளைப் பார்த்தேன். புள்ளி வளைவின் நடுவில் நிற்கிறது. நடுவில்தான் வேகம் கூட. ஆனால் ஆள் ஊரில் இல்லை.

01.06.2001

என் புரோகிராமில் மீனின் இரண்டு அசைவுக்கு நடுவில் கணனி சும்மா எண்ணிக்கொண்டிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று — ஒரு வேலையும் இல்லை, நேரம் போக்க மட்டும். வெற்றுச் சுற்று என்று பெயர்.

இந்தக் கிழமை முழுக்க வெற்றுச் சுற்று.

06.06.2001, புதன்

வந்துவிட்டார். படலையடியில் நேராகக் கண்ணைப் பார்க்கவில்லை. டிஸ்கெற் பெட்டியை மேசையில் வைத்தார்.

மீன் நீந்தினதைக் காணவில்லையாம். அங்கே புதுக் கணனி. பெரியவர்கள் எல்லாரும் கதிரை போட்டு இருந்திருக்கிறார்கள். இவர் அமத்தினார். வெறும் திரை, அடுத்த கணம் நடுவில் மீன். எப்படி வந்தது என்று ஒருவரும் காணவில்லை. தவளையும் அப்படித்தான், யானையும் அப்படித்தான். "இதுக்கு ஒரு அட்டைப்படம் காணுமே," என்று ஒருத்தர் சொல்லச் சிரித்தார்களாம்.

"நான் சொன்னனான், எங்கடை இடத்திலை உது வடிவாய் வரும், நீங்கள் வந்து பாருங்கோவெண்டு. நம்பேல்லை."

மீனுக்காக இப்படி ஒருத்தர் வாதாடியிருக்கிறார். மூட்டை எப்படி இறங்கினால் என்ன என்று இருந்த ஆள்.

வேலை? ஆனி முடிவுக்குள் சொல்லுகிறேன் என்று தவணை கேட்டு வந்திருக்கிறார்.

07.06.2001, வியாழன்

பிளாஸ்டரை உரித்தேன். யோகநாதன், "எண்ணெய்…" என்று தொடங்கி விட்டுவிட்டார்.

ரேபோவை அமத்தினேன். பிறகு மீனை அமத்தினேன். மீன் பாய்ந்து வந்தது. எங்கள் மீன்தான், ஆனால் நாய் துரத்தின மாதிரி. ரேபோவை எடுத்தேன், பழைய மீன். விளங்கிவிட்டது. நான் கணனியிடம் 'இத்தனை மட்டும் எண்ணிவிட்டு ஓர் அடி வை' என்று சொல்லியிருந்தேன். பொத்தான் மூடின எங்கள் கணனி ஆறுதலாக எண்ணியது. வவுனியாக் கணனி கண் மூடித் திறக்கமுதல் எண்ணி முடித்துவிட்டது. நேரத்தை நான் மணிக்கூட்டிடம் கேட்காமல் ஒரு சோம்பேறி மெசினிடம் கேட்டிருக்கிறேன்.

அடுத்தது எண்ணெய் விவகாரம். யதுசா எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தாள். எஞ்சின் கொஞ்சம் திக்கினாலும் அவளுக்குத் தெரியும். நான் ரேபோவை அமத்தினேன், எடுத்தேன், அமத்தினேன். அவள் ஒவ்வொரு முறையும் உதட்டைப் பிதுக்கினாள். ஒரு வித்தியாசமும் இல்லை.

யோகநாதன் உரித்த பிளாஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அப்ப இவ்வளவு நாளும் நான் மிச்சம் பிடிச்ச எண்ணெய் எங்கை?"

மூன்று பேரும் சிரித்தோம். யதுசா ஏன் என்று தெரியாமலே எங்களைவிடக் கூடச் சிரித்தாள்.

09.06.2001, சனி

வெற்றுச் சுற்றையெல்லாம் அழித்தேன். இப்போது மீன் அடி எண்ணுவதில்லை. வெளிக்கிடும்போது ஒருக்கால் மணிக்கூட்டைப் பார்க்கிறது. பிறகு ஒவ்வொரு அசைவிலும், எவ்வளவு நேரம் போய்விட்டது, அப்படியென்றால் வளைவில் நான் எங்கே நிற்கவேணும் என்று கேட்டு, அங்கே போய் நிற்கிறது. சோம்பேறிக் கணனியில் கொஞ்சம் வெட்டி வெட்டி வரும், கெட்டிக்காரக் கணனியில் வழுக்கி வரும். ஆனால் எங்கேயும் ஒரே நேரத்தில் வெளிக்கிட்டு ஒரே நேரத்தில் சேரும்.

எங்கள் கணனிக்கு இது எந்த ஆண்டு என்று தெரியாது. ஆனால் ஒரு செக்கன் என்பது எவ்வளவு என்று தெரியும். அது காணும்.

ரேபோ போட்டும் போடாமலும் யதுசா பார்த்தாள். இரண்டு முறையும் உள்ளங்கை, மெல்ல நின்ற விரல்கள்.

17.06.2001, ஞாயிறு

தேக்கமிலையில் பொதிந்து பாலைப்பழம் கொண்டுவந்து மச்சாளிடம் கொடுத்தார் யோகநாதன். என்னிடமில்லை, மச்சாளிடம். உதடெல்லாம் பால் ஒட்டிக்கொண்டு அவ வாய் திறக்கமுடியாமல் இருந்த நேரத்தில், தலைமைக் காரியாலய வாகனம் ஆனி கடைசிச் சனிக்கிழமை, முப்பதாம் தேதி, வருகிறது, புது டிஸ்கெற்றையும் தன்னுடைய பதிலையும் அதில்தான் அனுப்பவேணும் என்று சொன்னார். என்ன பதில் என்று சொல்லவில்லை.

"கெட்டிக்காரன்," என்றா மச்சாள், பால் விட்டபிறகு. "நான் ஒண்டும் சொல்லேலாத நேரம் பாத்துச் சொல்லிப்போட்டுப் போறார்."

தாளில் புள்ளி நடுவைத் தாண்டிவிட்டது. ஆனால் பத்து நாளாக நகரவில்லை. அங்கேயே நிற்கிறது. எனக்காகத்தான் நிற்கிறதா?

29.06.2001, வெள்ளி

நாளைக்கு வாகனம்.

பிள்ளைகள் போனபிறகு தட்டிக்கு முன்னால் கனநேரம் நின்றேன். நெஞ்சுக்குள் குந்திக்கொண்டிருந்ததைத் தேடிப் பார்த்தேன். அது எப்போது எழும்பியது என்று தெரியவில்லை. நடந்து கனதூரம் வந்துவிட்டது போல இருக்கிறது. தொடங்கின இடமே தெரியாதபடி அவ்வளவு மெல்லத் தொடங்கியிருக்கிறது.

யோகநாதனின் மேசையில் பென்சில் இருந்தது.

வளைவின் மேற்பக்கத்தில், அது உச்சிக்குக் கிட்டப் போய்ப் படுக்கத் தொடங்குகிற இடத்தில், ஒரு புள்ளி வைத்தேன். என் கை கோட்டுத்தாளில் கீறிப் பழகின கை, மெல்லிசாக வைக்கத்தான் வரும். ஆகவே திரும்ப ஒருக்கால் அழுத்தி வைத்தேன்.

30.06.2001, சனி

காலையில் அவர் தாளைப் பார்த்ததை நான் பார்த்தேன். எஞ்சினடிக்குப் போனார். கயிறு சுற்றி இழுத்தார், இழுத்தார், இழுத்தார். பிடிக்கவில்லை. பெற்றோல் காட்ட மறந்துவிட்டார். இவ்வளவு காலத்தில் ஒரு நாளும் மறக்காதவர்.

பிறகு வந்து வாசலில் நின்றார்.

"ரீச்சர், உந்தத் தாளிலை ஒரு புள்ளி கூடிக்கிடக்கு."

"ஓம். நான்தான் வைச்சனான்."

வாகனம் வந்தது. டிஸ்கெற் பெட்டியைக் கொடுத்தார். வவுனியாவுக்கு வரவில்லை என்று சாரதியிடம் வாயால் சொல்லிவிட்டார். ஏன் என்று சாரதி கேட்க, இங்கே எஞ்சின் தன்னைத் தவிர வேறு ஆருக்கும் பிடிக்காது என்றார்.

21.07.2001, சனி

வவுனியாவிலும் மீன் இங்கே வருகிற மாதிரியே வருகிறதாம். அட்டைப்படம் காணும் என்று சொன்னவரே திரும்பத் திரும்ப அமத்தினாராம். சாரதி சொன்ன செய்தி.

மச்சாள் ஆவணிக்கு நாள் பார்த்துவிட்டு, கனடாவுக்குச் சொல்ல ஆள் தேடுகிறா. எனக்குச் சட்டை தைக்க அளவெடுக்கும்போது, கனம் கொஞ்சம் கூடத்தான் என்றா. ஆரோ சொல்லியிருக்கிறார்கள்.

பின்னேரம் யதுசா கதிரையில் ஏறித் தாளைப் பார்த்தாள். அடிப் புள்ளியில் விரலை வைத்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு மேலே போனாள், கடைசிப் புள்ளிக்கு. அதற்கும் உச்சிக்கும் நடுவில் இன்னும் ஒரு விரலளவு இடம் இருக்கிறது. இது ஏன் என்று கையால் கேட்டாள்.

அந்த நேரம் வெளியே யோகநாதன் சைக்கிளில் வந்தார். தெருவோர வேம்படியிலேயே மிதிப்பதை விட்டுவிட்டார். சைக்கிள் தன் பாட்டுக்கு உருண்டு வந்து, படலையைத் தொடாமல் நின்றது. அதை அவளுக்குக் காட்டினேன்.

யதுசா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.